இரண்டு பீடி நேரம்

காயலான் கடைக்காரர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. குனிந்து, கையிலிருந்த ஸ்பானரால் சேசிஸை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். "இருபத்திரெண்டாயிரம் தர்றேன் தம்பி. நாளைக்கே ஆள் வெச்சு எடுத்துக்கறேன்" என்றார். இரும்பு எடைக்கு மேலே கொஞ்சம் போட்டுத்தான் சொல்கிறாராம், அதுவும் ஜிப்ஸி என்பதால்தானாம்.

அப்பா திண்ணையில் பேப்பரை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். படிக்கவில்லை. கால் மணிநேரமாக ஒரே பக்கம்தான் விரிந்திருந்தது.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

2021 செப்டம்பர் அது. கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில், சில்வர் ஓக் மரத்தடியில், அந்த வண்டி எட்டு வருடங்களாக நின்றுகொண்டிருந்தது. 1997 மாடல் ஜிப்ஸி கிங். மேலே இருந்த கேன்வாஸ் கூரை மழையில் மக்கிக் கிழிந்து, கம்பிகள் மட்டும் மிச்சம். பின்சீட்டில் பெரணி முளைத்திருந்தது. ஒரு பூனை அதில் இரண்டு ஈடு குட்டி போட்டு வளர்த்துக் கரையேற்றிவிட்டது.

ஜிப்ஸியைச் சினிமாவில் போலீஸ் வண்டியாக மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம். 1985 கடைசியில் மாருதி இதைக் கொண்டுவந்தபோது 970 சிசி இன்ஜின், நாலு கியர். 1996இல் வந்த 'கிங்'கில் 1,298 சிசி இன்ஜினும் ஐந்தாவது கியரும் சேர்ந்தன. எஸ்டீம் காரில் இருந்த அதே குடும்பத்து இன்ஜின். நாலு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், நாலு சக்கரமும் இழுக்கிற வசதி, ஒரு டன்னுக்குள் எடை. வசதி என்று பார்த்தால் எதுவும் கிடையாது. குழியில் இறங்கினால் முதுகெலும்பு எண்ணிக்கொள்ளும். 2019 வரை அதிகம் மாறாமலேயே விற்றார்கள். ராணுவமும் வனத்துறையும் நம்பி வைத்திருந்த வண்டி. வெலிங்டன் பக்கம் போனால் பச்சை பெயிண்ட் அடித்த ஜிப்ஸிகள் வரிசையாக வரும். சின்ன வயதில் அவையெல்லாம் எங்கள் வண்டியின் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தேயிலை ஏஜென்ட். பெரிய தொழில் இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர்களிடம் பச்சை இலையை வாங்கி, எடை போட்டு, ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். லாரி இறங்காத சரிவுகளில் ஜிப்ஸி இறங்கும். அதற்காகத்தான் செகண்ட்ஹேண்டில் வாங்கினார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றுவார். எங்கள் வண்டிக்கென்று ஒரு வாசனை உண்டு. வாடத் தொடங்கிய பச்சை இலை, பெட்ரோல், ஈரச் சாக்கு, பீடி.

எட்டு வருடம் முன்னால் வண்டி நின்றது என்னால்தான். அல்லது, என்னால்தான் என்று நான் எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2013 மே மாதம். எனக்கு லைசென்ஸ் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அக்காவை மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு, நானும் அம்மாவும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால்தான் சாவி என் கைக்கு வந்தது. மணி பத்து இருக்கும். குஞ்சப்பனை நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவதைப் பார்த்தேன். முக்கால். பிறகு சிவப்பு.

அந்த ரோட்டில் போய்வந்தவர்களுக்குத் தெரியும். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் இறங்கி நிற்கும். வளைவு திரும்பினால் ரோட்டின் நடுவில் குட்டியோடு நிற்கலாம். ராத்திரியில் அங்கே வண்டியை நிறுத்துகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. அம்மா, "நிறுத்தாத, நிறுத்தாத, எப்படியாவது மேல போயிரு" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். சிவப்பைத் தொட்ட முள்ளோடு நாலு வளைவு ஏறினேன். ஐந்தாவதில் ஒரு சத்தம், பெரிய பெருமூச்சு மாதிரி. பானட் இடுக்கு வழியாக வெள்ளை வெள்ளையாக ஆவி. அத்தோடு சரி.

பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். மறுநாள் காலை, காய்ச்சலோடு அப்பா போய் ஒரு பிக்கப்பில் கயிறு கட்டி வண்டியை இழுத்துவந்தார். சில்வர் ஓக் மரத்தடியில் விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வயசாயிருச்சு வண்டிக்கு" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. அதன்பின் இலை எடுக்க வாடகை பிக்கப். வாடகை போக மிச்சம் ஒன்றும் நிற்காமல் இரண்டு வருடத்தில் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

காயலான் கடைக்காரர் வந்துபோன மறுமாதம், ஒரு செய்தி கண்ணில் பட்டது. பதினைந்து வருடத்துக்கு மேலான கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தி மத்திய அரசு அறிவித்திருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அமல். தாமதத்துக்குத் தனிக் கட்டணம் வேறு. எங்கள் ஆர்.சி. 2017லேயே காலாவதியாகியிருந்தது. அதாவது, மார்ச் மாதத்துக்குள் வண்டியை ஓடவைத்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்தினால் உண்டு. இல்லையென்றால் அந்த இருபத்திரெண்டாயிரம்தான்.

என் கையில் 70,000 ரூபாய் இருந்தது. ஆபீஸில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஓடுகிற நிலையில் பழைய ஆல்டோ கிடைக்கும், ஏசியோடு. அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பழைய வண்டியை எழுப்புவது சிக்கனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மா இன்னும் நேராகக் கேட்டார். "செத்த மாட்டுக்கு எதுக்குடா புல்லு?"

அப்பா எதுவும் சொல்லவில்லை. வண்டியை மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துப் போன அன்று, மரத்தடியில் நாலு டயரும் அழுத்தியிருந்த குழிகளை மண்வெட்டியால் மண் போட்டு மூடினார்.

மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். கோத்தகிரியிலேயே ஷெட். முதல்நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "பளபளன்னு ஆக்கித் தர்றதுக்கு இந்தக் காசு பத்தாது தம்பி. ஓடணும், நிக்கணும், திரும்பணும். இந்த மூணுக்குத்தான் காசு. மத்ததெல்லாம் அப்புறம்." 'நிக்கணும்' என்பதை அவர் தனியாக அழுத்திச் சொன்னார். மலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

இன்ஜின் சுற்றவில்லை. கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுத் தொங்கியும் அசையவில்லை. ஹெட் கேஸ்கட் போன அன்று சிலிண்டருக்குள் இறங்கிய தண்ணீர், எட்டு வருடம் அங்கேயே இருந்து பிஸ்டன் ரிங்கைச் சுவரோடு துருப்பிடிக்க வைத்துவிட்டது. பலவந்தமாகத் திருப்பினால் ரிங் உடையும், சுவர் கீறும். அப்புறம் போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு என்று என் காசில் பாதி அங்கேயே காலி. அண்ணன் நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினார். "விட்ருங்க. ஊறட்டும்."

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கோவையிலிருந்து போன் செய்வேன். "ஊறுது" என்பார். ஆறாம் நாள் அவரே கூப்பிட்டார். "கால் சுத்து சுத்துச்சு" என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்று அதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி நின்றுகொண்டார்.

ஹெட்டைக் கழற்றியதும், அதன் அடிப்பாகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, இடையில் ஃபீலர் கேஜ் விட்டுக் காட்டினார். அலுமினியம் சூட்டில் வளையும். 0.05 மில்லிமீட்டர் வரை வளைந்திருந்தால் மன்னிக்கலாம், ஒரு மெல்லிய தலைமுடியின் அளவு. எங்களுடையதில் 0.15 தகடு தடையில்லாமல் உள்ளே போனது. கோவையில் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பண்ண வேண்டும். தனி வண்டி பிடிக்கக் காசில்லை. கோணிப்பையில் சுற்றி, கோத்தகிரி–கோவை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பதினைந்து கிலோவாவது இருக்கும். கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்து, "என்னங்க இது?" என்றார். "காரோட ஹெட்டுங்க." "யாரோட?" ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அந்த டிக்கெட்டை ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

கணபதிப் பக்கம் ஒரு லேத்தில் ஃபேஸிங்குக்கு 1,200 ரூபாய். கேஸ்கட் செட்டை எஸ்டீமுக்கானது என்று கேட்டு வாங்கச் சொல்லியிருந்தார் அண்ணன். ஜிப்ஸி என்று வாய் திறந்தால் கடைக்காரர் விலையில் ஒரு ஆயிரம் ஏற்றுவாராம். அந்த ஒரு யோசனையே எனக்கு மொத்தத்தில் ஏழெட்டாயிரம் மிச்சப்படுத்தியிருக்கும்.

அதற்கடுத்த வாரம் ரேடியேட்டர்.

ரேடியேட்டர் கடைக்காரர் மேல்தொட்டியை ஊதுவிளக்கால் சூடாக்கி, ஈயப்பற்றைக் கரைத்துப் பிரித்தார். உள்ளே வரிசையாகத் தட்டைக் குழாய்களின் வாய்கள் தெரிய வேண்டும். தெரியவில்லை. மண் பூசினாற்போல் ஒரு படலம். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். துருவின் சிவப்பு இல்லை, பழுப்பும் மஞ்சளுமாக உதிர்ந்தது. விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மஞ்சத்தூள்" என்றார். "லீக்கு அடைக்கப் போட்டிருக்காங்க. ஒருவாட்டி ரெண்டுவாட்டி இல்ல. வருசக்கணக்கா."

லாரி டிரைவர்களிடம் உள்ள பழைய வைத்தியம் இது. ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தால் ஒரு கை மஞ்சத்தூளைப் போட்டால், தூள் தண்ணீரோடு சுற்றிவந்து துளையில் அடைந்து நிற்கும். ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். ஆனால் மஞ்சளுக்கு எது துளை, எது குழாய் என்று தெரியாது. எல்லாவற்றிலும் அடையும்.

"இது மூணுல ரெண்டு பங்கு அடைஞ்சிருக்கு. இதை வெச்சு மலை ஏறுனீங்களா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவுசெய்தேன். சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்தபோது அப்பாவே கேட்டார்.

"ரேடியேட்டர்ல என்ன இருந்துச்சு?"

"துரு."

"மஞ்சளும் இருந்திருக்குமே."

நான் பேசவில்லை. அவர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். 2009லிருந்தே ஒழுக்கு இருந்ததாம். ரேடியேட்டரைப் புதிதாக மாற்ற அன்றைக்குக் காசு தோதுப்படவில்லை. மஞ்சள் போட்டார். நின்றது. மறுபடி ஒழுகியது, மறுபடி போட்டார். ஏற்றத்தில் சூடாகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போதெல்லாம் குஞ்சப்பனைக்குக் கீழே, மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிகிற ஓரிடத்தில் நிறுத்துவார்.

அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் ஒவ்வொரு தடவையும் அங்கே நின்றிருக்கிறோம். அப்பா பானட்டைத் தூக்கிவிட்டு அதற்குப் பின்னால் நின்று பீடி பிடிப்பார். அம்மாவுக்குத் தெரியாமல் பீடி பிடிக்கத்தான் பானட்டைத் தூக்குகிறார் என்று நானும் அக்காவும் பின்சீட்டில் பேசிச் சிரிப்போம்.

"ரெண்டு பீடி கழிச்சுத்தான் மூடியத் திறக்கணும். ஒரு பீடில திறந்தா மூஞ்சில அடிக்கும்" என்றார் அப்பா. "அப்புறம் தண்ணி ஊத்திட்டுக் கிளம்பினா வீடு வரைக்கும் தாங்கும். அன்னிக்கி உனக்கு அதச் சொல்லி அனுப்பல. காய்ச்சல்ல மறந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. சத்தம் போட்டேன். "எட்டு வருஷம்ப்பா. நான்தான் எரிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் எரிச்சன்னு யாரு சொன்னா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் அத்தனை நாளும் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் என்மேல் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரில். அடுத்த மூன்று வாரம் நான் ஊருக்குப் போகவில்லை. வேலை என்று சொன்னேன். ஜனவரி முடிந்துகொண்டிருந்தது. மார்ச் கெடு நினைவில் இருந்தும் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்யவில்லை.

அவர்தான் கூப்பிட்டார். "ஐயா தினமும் வந்துடுறாரு தம்பி" என்றார். தொந்தரவு பண்ணுகிறாரோ என்று நினைத்தேன். "இல்ல இல்ல. அவரு சொல்றத எழுதி வெச்சிருக்கேன், வந்து பாருங்க."

தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, கம்பியில் குத்தி வைத்திருந்தார். இருபதுக்கு மேல் இருந்தன. எல்லாம் எங்கள் வண்டியின் கோளாறுகள். சரியாகச் சொன்னால், கோளாறோடு ஓட்டுவதற்கு அப்பா வைத்திருந்த வழிகள். பிரேக்கை மூன்று தடவை அமுக்கினால் நாலாவதில் பிடிக்கும். இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும், முழங்காலால் அண்டைகொடுக்க வேண்டும். டிரைவர் பக்கக் கதவைத் தூக்கிச் சாத்தணும். மழை நாளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் முள் கால் என்று காட்டினால் டேங்க் காலி. பின்பக்க வலது சக்கரத்துக்கு மேலே மூட்டை வைக்கக் கூடாது, அங்கே தரை இல்லை, சாக்குதான் இருக்கிறது.

நானும் அந்த வண்டியை ஒரு வருடமாக அவ்வப்போது ஓட்டியிருந்தேன். இதில் பாதி எனக்குத் தெரியாது. நான் ஓட்டுகிற நாட்களுக்கு முன்னால் அவர் எதையாவது துடைத்து, எதையாவது இறுக்கி, எதையாவது ஊற்றி வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார்.

"இவ்வளவு தெளிவா வியாதிய சொல்ற ஆள நான் பாத்ததே இல்ல" என்றார் அண்ணன். "பாதி வேலை மிச்சம் எனக்கு."

அதன்பின் வேலை வேகம் பிடித்தது. ரிங்கும் பேரிங்கும் புதிது போட்டோம். சிலிண்டர் சுவரில் இரண்டு இடத்தில் துருவின் தழும்பு இருந்தது. எமரி பேப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, அப்படியே விட்டார். "கொஞ்சம் ஆயில் குடிக்கும். குடிச்சிட்டுப் போகட்டும், ஆயில் விலை போர் விலையை விடக் கம்மி." பெட்ரோல் டேங்குக்குள் ஒரு பிடி நட்டும் ஜல்லியும் போட்டுக் கயிற்றில் கட்டி ஊஞ்சலாட்டிக் கழுவினோம். எட்டு வருடப் பெட்ரோல் பெயிண்ட் கடை மாதிரி நாறியது. அந்தப் பிசின்தான் கார்ப்ரேட்டர் ஜெட்டுகளையும் அடைத்திருந்தது. தின்னரில் ஊறவைத்து, மெல்லிய செம்புக் கம்பியால் ஊதி ஊதி எடுத்தார். இரும்புக் கம்பி விட்டால் ஜெட்டின் துளை பெருத்துப்போகுமாம். வயரிங்கை எலி தின்றிருந்தது. அது ஒரு தனிக் கதை, தனிச் செலவு. நினைக்கப் பிடிக்கவில்லை.

பிரேக்கில் மட்டும் பழசு எதுவும் போடவில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், முன்பக்க டிஸ்க் பேட் எல்லாம் புதிது. பழைய பிரேக் ஆயில் ஜவ்வாகத் திரண்டு வந்தது. உக்கடத்தில் பழைய மாஸ்டர் சிலிண்டர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நான் இழுத்தபோது, அப்பா முதல்முறையாக ஷெட்டில் குரல் உயர்த்தினார். "அதுல கை வைக்காத." மூன்று அமுக்கு அமுக்கிப் பத்து வருடம் மலையில் ஓட்டியவர் சொல்கிறார் என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. சொல்லவில்லை.

தரை மோசம். ஈர இலை மூட்டையிலிருந்து வடிந்த தண்ணீர் வருடக்கணக்கில் தங்கி, தகரத்தைச் சல்லடையாக்கியிருந்தது. டிங்கர் அறுத்தெடுத்துவிட்டு 18 கேஜ் தகடு வைத்துப் பற்றவைத்தார். பார்க்க அழகில்லை, தார் போன்ற கறுப்புப் பூச்சின் கீழே ஒட்டுப்போட்டது தெரியும். மேலே பெயிண்ட் அடிக்கவே இல்லை. கூரையை மேட்டுப்பாளையத்தில் தார்ப்பாய் தைக்கிற கடையில் தைத்துக்கொண்டேன். நாலு டயர் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். அதில்தான் ஏமாந்தேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் வருடம் இருபத்திமூன்றாம் வாரம் செய்தது. மூன்றைப் பார்த்து வாங்கிவிட்டு நாலாவதைப் பார்க்காமல் விட்டேன். அது 2010. அண்ணன் அதை ஸ்டெப்னியாகக்கூட ஏற்க மாட்டேன் என்று ஓரமாகத் தூக்கிப் போட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற கியர் இன்றுவரை சரியாக விழுவதில்லை. அதற்குக் காசில்லை. 70,000 என்று தொடங்கியது 81,650இல் வந்து நின்றது.

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஸ்டார்ட் செய்தோம். சோக்கை இழுத்து, செல்ஃப் அடித்து, ஆறேழு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஊறவைத்த ஆயிலெல்லாம் எரிந்து ஷெட் முழுக்க நீலப் புகை. தெருவே வந்து எட்டிப்பார்த்தது. அப்பா பானட் பக்கம் போகாமல் டிரைவர் கதவைப் போய்த் தூக்கிச் சாத்தினார். கீல் மாற்றியாயிற்று, தூக்க வேண்டாம். தூக்கியதால் சாத்தவில்லை. மறுபடியும் தூக்கினார்.

24ஆம் தேதி ஊட்டிக்குப் போனோம். அதற்கு முன்தினம் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சேசிஸ் நம்பரைத் தேய்த்துத் தேய்த்துத் துலக்கினேன். வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் பதிய வேண்டும். ஒரு எட்டு மட்டும் மூன்று மாதிரி விழுந்து பயம் காட்டியது. இன்ஸ்பெக்டர் ஹார்ன், லைட், வைப்பர் பார்த்தார், கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் போடச் சொன்னார். முதல் அமுக்கிலேயே வண்டி நின்றது. பக்கத்து சீட்டில் அப்பாவின் வலது கால் தரையை மூன்று தடவை அமுக்கியதைப் பார்த்தேன். 600 ரூபாயும் தாமதத்துக்கானதும் பசுமை வரியும் கட்டினோம். ஐந்து வருடத்துக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டது.

ஏப்ரலில் ஒருநாள், அக்காவையும் குழந்தையையும் நீலகிரி எக்ஸ்பிரஸிலிருந்து கூட்டிவர மேட்டுப்பாளையம் போனோம். இந்த முறை காலையில். அப்பா முன்சீட்டில். ஏற்றம் தொடங்கியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. ஒவ்வொரு வளைவிலும் அங்கேயே நின்றது. குஞ்சப்பனைக்குக் கீழே அந்த ஊற்று வந்ததும், "நிறுத்து" என்றார்.

"சூடே இல்லப்பா."

"நிறுத்து நீ."

ஓரம் கட்டினேன். இறங்கிப் பானட்டைத் தூக்கினார். ஊற்று அப்படியேதான் இருந்தது. யாரோ பி.வி.சி. குழாய் வைத்து வழி பண்ணியிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலைப் பிடித்து நிரப்பிக்கொண்டு வந்து நின்றார். பின்சீட்டில் அக்கா தன் மகளிடம் எதையோ கிசுகிசுத்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்பா பீடியை விட்டு மூன்று வருடமாகிறது, டாக்டர் சொன்னதால். பானட்டுக்குப் பின்னால் கையில் பாட்டிலோடு சும்மா நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எவ்ளோ நேரம்ப்பா?"

"பீடி இல்லாம எப்படிடா சொல்றது" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகினார். சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தார். விளிம்புவரை தண்ணீர் நின்றிருந்தது, ஒரு சொட்டு குறையவில்லை. பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, அதிலேயே முகம் கழுவிக்கொண்டார்.